கை நடுங்கினாலும் வாழ்க்கை நடுங்க வேண்டாம்!

(பார்க்கின்சன் நோய்: எதிர்காலமும் ஆதரவும்)

மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, செயற்கைக்கோள் பற்றி எழுதலாமா, ரோபோ பற்றி எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். அதையெல்லாம் எழுத நம் கல்லூரியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் இல்லை. அவர் என் அம்மாவின் அப்பா. எங்கள் பக்கத்தில் அப்புச்சி என்று சொல்வோம். நாற்பது வருடம் கைத்தறியில் போர்வை நெய்தவர். அவருக்குப் பார்க்கின்சன் நோய். இதுவரை எங்கள் வீட்டில் யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அதனால் மாத்திரை அட்டையைப் படிப்பதிலிருந்து டாக்டரிடம் கேள்வி கேட்பது வரை என் வேலையாகிவிட்டது. அப்படிக் கேட்டும் படித்தும், சில தப்புகள் செய்தும் நான் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒருவர் இருந்தால் உதவும்.

பஸ்ஸில் நடந்த சம்பவம்

ஆறு வருடத்துக்கு முன்னால், நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது, அப்புச்சியோடு சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். பஸ் வந்து நின்றது. படிக்குப் பக்கத்தில் போனவர் அப்படியே நின்றுவிட்டார். கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி! பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "யோவ், காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டியா?" என்று கத்தினார். பஸ்ஸே சிரித்தது. அப்புச்சி வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்தவரில்லை. "நா குடிக்கறதில்லீங்க சாமி" என்று மெதுவாகச் சொன்னார். அந்தக் குரல் யார் காதிலும் விழவில்லை. நானும் அவருக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. வெட்கமாக இருந்ததால் இரண்டு சீட் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அவர் நின்றது, குரல் சின்னதாகிப் போனது, இரண்டுமே நோயின் அறிகுறிகள் என்று அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியாது. "வயசாச்சு", "நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லியே ஒரு வருடம் ஓட்டிவிட்டோம்.

பெயர் எப்படி வந்தது?

லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ஆம் ஆண்டு நடுக்குவாதம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் அவர் விவரித்தது ஆறே ஆறு பேரை. அவர்களில் சிலரைத் தெருவில் நடந்து போகும்போது பார்த்தே குறித்துக்கொண்டார். பிறகு பிரான்ஸ் நாட்டு டாக்டர் ஷார்கோ இந்த நோய்க்குப் பார்க்கின்சன் பெயரையே வைத்தார். பார்க்கின்சனின் பிறந்த நாளான ஏப்ரல் 11, உலகப் பார்க்கின்சன் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் உலகம் முழுவதும் 85 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்கு இந்நோய் இருந்தது.

தெருவில் நடந்து போகிறவரைப் பார்த்தே ஒரு டாக்டர் இதைக் கண்டுபிடித்தார். 200 வருடம் கழித்தும் நாம் அதே ஆளைப் பார்த்துக் குடிகாரர் என்கிறோம்!

உள்ளே என்ன நடக்கிறது?

மூளையின் அடித்தண்டுப் பகுதியில் கருப்பு நிறத்தில் ஒரு சிறிய திட்டு உண்டு. அங்கே இருக்கும் செல்கள் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கின்றன. உடம்பை அசைக்கும் கட்டளைகள் தடையில்லாமல் போக இந்த டோபமின் வேண்டும். அந்தச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போவதுதான் பார்க்கின்சன் நோய். ஹேண்ட் பிரேக்கை முழுவதும் விடாமல் வண்டியை எடுத்தால் எப்படி இருக்கும்? இன்ஜின் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வண்டி நகராது. இவர்கள் நிலையும் அதுதான். தசையில் பலம் இருக்கும். அசைவு கிளம்பாது.

வெளியே அறிகுறி தெரியும்போதே அந்தச் செல்களில் பெரும் பகுதி போயிருக்கும். அதனால்தான் ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது கஷ்டம். முக்கியமான அறிகுறிகள் இவை:

1. எல்லா அசைவும் மெதுவாவது. பட்டன் போட ஐந்து நிமிடம், சட்டை மாட்டப் பத்து நிமிடம்.
2. கை கால் விறைப்பு. தோள் வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள்.
3. சும்மா இருக்கும்போது கை நடுங்குவது. ஒரு செகண்டுக்கு நான்கு முதல் ஆறு தடவை. நம் பாஷையில் சொன்னால் 4 முதல் 6 ஹெர்ட்ஸ்!
4. நோய் வளர வளர, பேலன்ஸ் தவறி விழுவது.

இவை தவிரக் கையெழுத்து சின்னதாகும், முகத்தில் உணர்ச்சி தெரியாது, குரல் இறங்கும். வாசனை தெரியாமல் போவது, மலச்சிக்கல், தூக்கத்தில் கத்துவது, உதைப்பது ஆகியவை சிலருக்கு நடுக்கத்துக்குப் பல வருடம் முன்பே வந்துவிடும்.

ஒன்றை மறக்காதீர்கள். கை நடுங்குகிற எல்லோருக்கும் பார்க்கின்சன் கிடையாது. பார்க்கின்சன் உள்ள எல்லோருக்கும் நடுக்கமும் இருக்காது. டம்ளரைத் தூக்கும்போது மட்டும் கை நடுங்கினால் அது பெரும்பாலும் வேறு வகை. வாந்திக்கும் தலைசுற்றலுக்கும் மனநோய்க்கும் கொடுக்கும் சில மருந்துகளாலும் இதே மாதிரி விறைப்பு வரலாம். இரத்தப் பரிசோதனையில் இந்நோய் தெரியாது. நரம்பியல் மருத்துவர் நடக்க வைத்து, கை விரலைத் தட்ட வைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எங்களுக்கு அவர் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். ஒரு வருடம் தைலத்துக்குச் செலவழித்த பணத்தை நினைத்துக்கொண்டோம்.

இது ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல. பெரும்பாலானவர்களுக்குப் பரம்பரையாக வருவதும் அல்ல. பெரும்பாலும் அறுபது வயதுக்கு மேல் வருகிறது. ஐம்பதுக்குக் கீழே வருகிறவர்களும் உண்டு.

மருந்தும் நம் ஊர் பூனைக்காலியும்

பார்க்கின்சனுக்கு இன்றைக்கும் முதல் மருந்து லெவோடோபா. டோபமினை நேராகக் கொடுத்தால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. லெவோடோபா நுழையும். உள்ளே போய் டோபமினாக மாறும். ஆனால் வழியிலேயே, அதாவது உடம்பிலேயே மாறிவிட்டால் வாந்திதான் மிச்சம். அதைத் தடுக்கக் கார்பிடோபா என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்து ஒரே மாத்திரையாகச் செய்கிறார்கள்.

இதில் நமக்குப் பெருமையான ஒரு செய்தி உண்டு. வேலியோரம் படர்ந்து, காய் மேலே பட்டால் அரிப்பெடுக்குமே, அந்தப் பூனைக்காலியின் விதையில் லெவோடோபா இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்து 1937இல் வெளியிட்டவர்கள் சென்னையில் ஆராய்ச்சி செய்த தாமோதரன், ராமசாமி என்ற இருவர். அது பார்க்கின்சனுக்கு மருந்தாகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1957இல் சுவீடன் விஞ்ஞானி அர்விட் கார்ல்சன், ரிசர்பின் மருந்தால் அசைவற்றுப் போன முயல்களுக்கு டோபாவைக் கொடுத்தபோது அவை எழுந்து நடமாடின. அவருக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது. 1961இல் வியன்னாவில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1967இல் அமெரிக்காவில் கோட்சியாஸ் என்ற டாக்டர் அளவைப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்து, படுத்த படுக்கையாக இருந்தவர்களை நடக்க வைத்தார்.

அதற்காக யாரும் பூனைக்காலிப் பொடியை வாங்கிச் சாப்பிட ஆரம்பிக்காதீர்கள்! ஒரு ஸ்பூனில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று வீட்டில் அளக்க முடியாது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அளவு கூடி ஆபத்தாகும்.

நான் செய்த தப்பு

மாத்திரை வாங்கி வந்த அன்று அட்டையில் இருந்த இங்கிலீஷைப் படித்துச் சொன்னது நான்தான். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் வயிறு புண்ணாகிவிடும் என்று எல்லோரும் சொல்வார்களே, அதை நம்பி, "சாப்பாட்டோட போடுங்க அப்புச்சி" என்றேன். அம்மாயி பாசத்தோடு காலையில் இரண்டு முட்டை, இரவில் பெரிய டம்ளர் பால் கொடுத்து மாத்திரையையும் கொடுத்தார். இரண்டு மாதம் ஆகியும் பெரிய முன்னேற்றம் இல்லை. "இந்த மாத்திரை கேக்கல, நிறுத்திப்போடலாம்" என்று வீட்டில் பேச்சு வந்துவிட்டது.

மறுபடி போனபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எதோட சாப்பிடறாரு?" என்பதுதான். முட்டை, பால், பருப்பு, கறி இவற்றின் புரதமும் லெவோடோபாவும் உடம்புக்குள் ஒரே வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். இரண்டும் ஒன்றாக வந்தால் நெரிசலில் மருந்து வெளியே நின்றுவிடும். அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ, ஒரு மணி நேரம் பின்போ மாத்திரை போட வேண்டும். குமட்டினால் ஒரு பிஸ்கட் போதும். இரும்புச் சத்து மாத்திரையையும் இதோடு சேர்த்துப் போடக் கூடாது. நேரத்தை மாற்றிய ஒரே வாரத்தில் அப்புச்சி தானே எழுந்து வாசலுக்குப் போனார். அதே மாத்திரை, அதே அளவு, நேரம் மட்டும்தான் வேறு! படித்தவன் என்று என் பேச்சைக் கேட்டு அவர் இரண்டு மாதம் முடங்கிக் கிடந்தார் என்பதை நினைத்தால் இன்னும் உறுத்துகிறது. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லக் கூடாது என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. கடும் விறைப்பும் காய்ச்சலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசி அட்டை தீருவதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். இரண்டு, வேறு நோய்க்காக எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், "இவருக்குப் பார்க்கின்சன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இரண்டு வருடத்துக்கு முன் வாந்தி பேதிக்காக அப்புச்சியை ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நாங்கள் எதுவும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. வாந்தி நிற்கப் போட்ட ஊசிக்குப் பிறகு மூன்று நாள் மரக்கட்டை மாதிரி கிடந்தார். மெட்டோகுளோப்ரமைடு என்ற அந்த மருந்து மூளையில் டோபமினின் வேலையைத் தடுக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. ஹாலோபெரிடாலும் அப்படித்தான். இப்போது அப்புச்சியின் சட்டைப் பையில் நோயின் பெயர், மாத்திரையின் பெயர், போடும் நேரம், ஆகாத மருந்துகள் நான்கையும் எழுதிய அட்டை ஒன்று எப்போதும் இருக்கும்.

இனி எப்படிப் போகும்?

எல்லா வீட்டிலும் கேட்கும் கேள்வி இதுதான். "இது ஆளைக் கொண்டுபோயிடுமா?"

பார்க்கின்சன் நோய் நேராக உயிரை எடுப்பதில்லை. சிகிச்சையோடு பத்து, இருபது வருடத்துக்கு மேல் வாழ்கிறவர்கள் நிறையப் பேர். குத்துச்சண்டை வீரர் முகமது அலியை எல்லோருக்கும் தெரியும். 1980இல் சென்னைக்கே வந்து காட்சிப் போட்டியில் ஆடினார். 1984இல் அவருக்கு இந்நோய் என்று கண்டறிந்தார்கள். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையோடு தீபம் ஏற்றினார். 2016இல்தான் மறைந்தார். நோயோடு 32 வருடம்!

ஆனால் உண்மையையும் மறைக்கக் கூடாது. இந்நோயைக் குணப்படுத்தவோ, வளராமல் நிறுத்தவோ இன்றுவரை மருந்து இல்லை. 1967இல் ஹோன், யார் என்ற இருவர் இதை ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். முதல் படியில் உடம்பின் ஒரு பக்கம் மட்டும். இரண்டாவதில் இரு பக்கமும். மூன்றாவதில் பேலன்ஸ் கெடும். நான்காவதில் பெரும்பாலான வேலைக்குத் துணை வேண்டும். ஐந்தாவதில் சக்கர நாற்காலி அல்லது படுக்கை. எல்லோரும் ஐந்தாம் படி வரை போவதில்லை. போகிற வேகமும் ஆளுக்கு ஆள் மாறும். அப்புச்சி இப்போது மூன்றாவது படியில் இருக்கிறார்.

முதல் சில வருடம் மாத்திரை நன்றாக வேலை செய்யும். ஐந்தாறு வருடத்தில் பலருக்கு ஒரு சிக்கல் வரும். மாத்திரை போட்ட கொஞ்ச நேரம் நன்றாக இருப்பார், அடுத்த வேளைக்கு முன்பே விறைத்துவிடுவார். இதை டாக்டர்களே 'ஆன்', 'ஆஃப்' என்றுதான் சொல்கிறார்கள்! நமக்கு இது எளிதாகப் புரியும். ரெக்டிஃபயர் சர்க்யூட்டில் ஃபில்டர் கெபாசிட்டர் என்ன செய்கிறது? வோல்டேஜ் ஏறும்போது சேமித்து, இறங்கும்போது கொடுக்கிறது. ஆரம்பத்தில் மிச்சமிருக்கும் செல்கள் டோபமினைச் சேமித்து வைத்து இதே வேலையைச் செய்கின்றன. செல்கள் குறையக் குறையக் கெபாசிட்டரின் மதிப்பு குறைந்த மாதிரி ஆகிவிடும். அப்புறம் ரிப்பிள்தான்! மாத்திரை ஏறினால் ஏற்றம், இறங்கினால் இறக்கம். ஏற்றத்தில் சிலருக்குக் கை கால் தானாக நெளியும். அப்போது டாக்டர் அளவைச் சிறிதாக்கி வேளைகளைக் கூட்டுவார், அல்லது வேறு மருந்து சேர்ப்பார். எந்த நேரத்தில் ஆன், எந்த நேரத்தில் ஆஃப் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனால் அவருக்குப் பெரிய உதவி. எங்கள் வீட்டில் அந்த நோட்டு என் பொறுப்பு.

மருந்தால் சரிக்கட்ட முடியாதபோது சிலருக்கு மூளையில் எலக்ட்ரோடு வைக்கும் அறுவை சிகிச்சை செய்கிறார்கள். 1987இல் பிரான்சின் கிரனோபிள் நகரில் டாக்டர் பெனாபிட் இதைத் தொடங்கி வைத்தார். நெஞ்சுத் தோலுக்கு அடியில் ஒரு பல்ஸ் ஜெனரேட்டரைப் புதைத்து, வயர் வழியாகச் செகண்டுக்குச் சுமார் 130 தடவை மின்துடிப்பு கொடுப்பார்கள். நாம் லேபில் செய்கிற பல்ஸ் சர்க்யூட் ஒரு மனிதரை எழுந்து நடக்க வைக்கிறது என்பது எவ்வளவு ஆச்சரியம்! ஆனால் பல லட்சம் ரூபாய் செலவாகும். எல்லோருக்கும் பொருந்தாது. நோய் வளர்வதையும் இது நிறுத்தாது.

நீண்ட நாளில் உண்மையான ஆபத்துகள் இரண்டு. ஒன்று, கீழே விழுந்து எலும்பு முறிவது. இன்னொன்று, விழுங்குவது சிரமமாகி, சாப்பாடோ தண்ணீரோ நுரையீரல் பக்கம் போய் நிமோனியா வருவது. பல வருடம் கழித்துச் சிலருக்கு மறதியும், இல்லாதது கண்ணுக்குத் தெரிவதும் வரும். மனச்சோர்வு எந்தப் படியிலும் வரலாம். "சும்மா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்காரு" என்று திட்டாதீர்கள். முகத் தசை அசையாததாலும் இருக்கலாம், மனச்சோர்வாலும் இருக்கலாம். இரண்டுக்கும் மருத்துவம் உண்டு.

வீட்டில் என்ன செய்யலாம்?

* தரையில் மிதியடி, சுருளும் பாய், வயர் எதுவும் காலில் தடுக்கக் கூடாது.
* கக்கூசிலும் குளியலறையிலும் கைப்பிடி வேண்டும். நாங்கள் ஒரு ஜி.ஐ. பைப்பை வாங்கிச் சுவரில் ஆழமாகத் துளை போட்டு இறுக்கினோம். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இது ஒரு மணி நேர வேலை.
* கைப்பிடி வைத்த, கொஞ்சம் உயரமான நாற்காலி. எழுந்ததும் உடனே நடக்காமல் ஒரு நிமிடம் நின்று கிளம்ப வேண்டும். இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம்.
* திரும்பும்போது ஒரே காலில் சுழலாமல், லாரி திரும்புகிற மாதிரி அகலமாக வளைந்து திரும்ப வேண்டும்.
* சாப்பிடும்போது நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைச் சற்றுக் கீழே இறக்கி, சின்னச் சின்ன வாயாக விழுங்க வேண்டும். அப்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். ஸ்பூன் காம்பில் சைக்கிள் கிரிப் மாட்டினால் பிடிக்க எளிது.
* தினமும் உடற்பயிற்சி. இது மருந்துக்குச் சமமாக முக்கியம். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்ததை விடாமல் செய்ய வேண்டும்.
* குரலுக்கும் பயிற்சி உண்டு. அப்புச்சி தினமும் காலையில் செய்தித்தாளின் தலைப்புகளைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசிப்பார். எங்கள் தெருவுக்கு இப்போது அவர்தான் ரேடியோ!

555 ஐ.சி.யும் தறிச் சத்தமும்

கால் ஒட்டிக்கொள்கிறது என்று சொன்னேனே, அதற்கு ஒரு வழி உண்டு. நாமாகக் கிளப்பும் அசைவுதான் அவர்களுக்குத் தடைப்படுகிறது. வெளியிலிருந்து ஒரு தாளமோ கோடோ கிடைத்தால் கால் கிளம்பிவிடும். அதனால் கதவு நிலைக்குப் பக்கத்தில் தரையில் ஓரடிக்கு ஒன்றாகக் குறுக்கே கலர் டேப் ஒட்டினோம். சமதரையில் நின்றுவிடுகிறவர் அந்தக் கோடுகளைத் தாண்டித் தாண்டிப் போய்விடுவார்!

தாளத்துக்கு நான் ஒரு சர்க்யூட் செய்தேன். 555 டைமர் ஐ.சி., அஸ்டேபிள் முறை. 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், ஒரு சின்ன ஸ்பீக்கர். முதல் தடவை ஆர்2 ரெசிஸ்டரைப் பெரிதாக வைத்துவிட்டதால் ஒரு சுற்றுக்கு இரண்டு 'டக்' கேட்டது. அப்புச்சி சிரித்துக்கொண்டே, "கண்ணு, நாடா ரெண்டு தரம் ஓடுதே" என்றார். பிறகு ஆர்2வை 1 கிலோ ஓம் ஆக்கி, ஆர்1 இடத்தில் 100 கிலோ ஓம் பிரீசெட் வைத்துச் சுமார் 85 கிலோ ஓமில் நிறுத்தினேன். ஃபார்முலாவில் போட்டுப் பாருங்கள், நிமிடத்துக்கு 99 'டக்' வரும். நடக்கும் வேகத்துக்கு ஏற்றபடி பிரீசெட்டைத் திருப்பிக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். எந்த வேகம் சரி என்று பிசியோதெரபிஸ்டைக் கேட்டு வைத்தோம். செல்போனிலேயே இலவசமாக மெட்ரோனோம் கிடைக்கிறது, அதுவும் போதும். ஆனால் அப்புச்சிக்கு இந்தப் பெட்டிதான் பிடிக்கும். "தறிச் சத்தமாட்டமே இருக்குது சாமி" என்பார். நாற்பது வருடம் அவர் காலை இயக்கிய சத்தம் அல்லவா!

சட்டமும் ஆதரவும்

1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. பார்க்கின்சன் அதில் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 வகையாக்கியது. அதில் பார்க்கின்சன் நோயின் பெயரும் இருக்கிறது. அரசு மருத்துவக் குழு பாதிப்பு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று சான்று அளித்தால் பல சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். நாடு முழுவதும் செல்லும் தனித்துவ அடையாள அட்டையும் கிடைக்கும். தமிழ்நாட்டில் பராமரிப்பு உதவித்தொகைக்கும் வழி இருக்கிறது. உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விதிமுறைகளைக் கேட்டு மனுக் கொடுங்கள். அப்புச்சிக்கு அட்டை வாங்க நாங்கள் பலமுறை அலைந்தோம். ஒருமுறை, "இவரு நல்லாத்தானே நடக்கறாரு" என்று திருப்பி அனுப்பினார்கள். அது அவருடைய 'ஆன்' நேரம்! அடுத்த முறை ஆன், ஆஃப் நோட்டையும் டாக்டர் சீட்டையும் எடுத்துப் போய்க் காட்டினோம். அட்டை கிடைத்தது.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கலாம். மும்பையில் 2001இல் தொடங்கிய பார்க்கின்சன் நோய் மற்றும் இயக்கக் கோளாறு சங்கம் பல ஊர்களில் ஆதரவுக் குழுக்களை நடத்துகிறது. தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருக்கிறவருக்கு, அதே மாதிரி இன்னும் பத்துப் பேரைப் பார்ப்பதே பாதி தைரியம்.

பார்த்துக்கொள்கிறவரையும் மறந்துவிடக் கூடாது. என் அம்மாயி ஐந்து வருடம் இரவில் முழுசாகத் தூங்கியதில்லை. அப்புச்சியைத் தூக்கித் தூக்கி இடுப்பு வலி வந்துவிட்டது. "எனக்கென்ன கண்ணு, நோவு அவிங்களுக்குத்தானே" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது வீட்டில் முறை போட்டிருக்கிறோம். சனி, ஞாயிறு இரவு என் முறை. அந்த இரண்டு நாள் அம்மாயி பக்கத்து வீட்டில் நிம்மதியாகப் படுத்துக்கொள்வார்.

முடிவாக...

போன பொங்கலுக்கு அப்புச்சியோடு மறுபடி அதே வழித்தடத்தில் பஸ் ஏறினேன். படிக்குப் பக்கத்தில் கால் நின்றுவிட்டது. இந்தத் தடவை நான் தள்ளிப் போகவில்லை. "அண்ணா, இவருக்குப் பார்க்கின்சன் நோய்ங்க. ஒரு அரை நிமிஷம் நில்லுங்க" என்று சத்தமாகச் சொன்னேன். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். நான் கையைத் தட்டி, "ஒண்ணு... ரெண்டு... மூணு" என்றேன். மூன்றில் கால் கிளம்பியது. ஏறி உட்கார்ந்ததும் அப்புச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். நடுங்கியது அவர் கையா என் கையா என்று எனக்குத் தெரியவில்லை.

நண்பர்களே! இந்நோயைத் தீர்க்கும் மருந்தை என்றாவது விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பார்கள். அதுவரை பஸ் படியிலோ ரேஷன் கடை வரிசையிலோ ஒருவர் அசையாமல் நின்றால், குடித்திருக்கிறார் என்று சிரிக்காமல், தள்ளாமல், பிடித்து இழுக்காமல் பக்கத்தில் நின்று மூன்று வரை எண்ணுங்கள். அந்த அரை நிமிடத்தை நாம் கொடுப்போமா?